குறிஞ்சாக்கேணியின் பாதுகாப்பு: குற்றப் பதிவேட்டில் இடம்பெறாதவை

ஓர் ஊர் பாதுகாப்பானதா என்ற வினா எழும்போதெல்லாம் பொலிஸ் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களையே நாம் முதலில் நாடுகின்றோம். கொலை எத்தனை, கொள்ளை எத்தனை, வீடுடைப்பு எத்தனை என்று கூட்டிப் பார்க்கின்றோம். சென்ற ஆண்டை விடத் தொகை குறைந்திருந்தால் நிம்மதியடைகின்றோம்; கூடியிருந்தால் பொலிஸாரைக் குறை கூறுகின்றோம். பாராளுமன்றத்தில் நிகழும் விவாதங்களும் பத்திரிகைகள் எழுதும் தலைப்புகளும் பெரும்பாலும் இந்த எண்களையே சுற்றி வருகின்றன.

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் களப்பை அடுத்து அமைந்துள்ள குறிஞ்சாக்கேணியை இந்த அளவுகோலால் அளந்தால் என்ன விடை கிடைக்கும்? அண்மைக் காலத்தில் அவ்வூர் மக்கள் கண்ட மிகப் பெரிய உயிரிழப்பு பாரதூரமான குற்றங்களின் வருடாந்த அட்டவணையின் எந்தப் பத்தியிலும் அடங்காது. அந்த உயிர்களைப் பறித்தது கத்தியோ துப்பாக்கியோ அன்று. பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஓர் இழுவைப் படகு கவிழ்ந்தது.

2021 நவம்பர் 23 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் பாடசாலை செல்லும் வேளையில் அந்த அனர்த்தம் நேர்ந்தது. பழைய குறிஞ்சாக்கேணிப் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை அவ்வாண்டு ஆரம்பிக்கப்பட்டிருந்தது. பாலம் இல்லாத இடைக்காலத்தில் மக்கள் எவ்வாறு அக்கரை செல்வது என்ற கேள்விக்கு நடைமுறையில் கிடைத்த விடைதான் அந்தப் படகு. தரை வழியே சுற்றிச் செல்ல வீதி இருந்தது. ஆனால் காலையில் பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்ல வேண்டியவருக்குச் சுற்று வீதி என்பது நேரமும் பணமும் ஆகும். முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத குடும்பம் படகில்தான் ஏறும். அன்றைய தினமே ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பாடசாலைச் சிறுவர்களும் அடங்குவர். வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோரும் பின்னர் மரணித்ததால் அத்தொகை மேலும் உயர்ந்தது. ஒரே ஊரில் அடுத்தடுத்து ஜனாஸாக்கள் எடுத்துச் செல்லப்பட்டன.

அதன் பின்னர் நடந்தவற்றை நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. வீதிகளில் டயர்கள் எரிக்கப்பட்டன. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் இல்லம் தாக்கப்பட்டது. படகை இயக்கியோர் கைது செய்யப்பட்டனர். நகர சபைத் தலைவரும் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். படகுக்கு அனுமதி வழங்கியது நகர சபை என்றனர் கொழும்பில் இருந்தோர். பாலத்தை அகற்றும்போதே மாற்று வழியை ஒழுங்கு செய்திருக்க வேண்டியது யார் என்று திருப்பிக் கேட்டனர் ஊரில் இருந்தோர். இந்தச் சர்ச்சை பாராளுமன்றத்திலும் எதிரொலித்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாட்டின் எத்தனையோ கட்டுமானங்கள் முடங்கியபோது குறிஞ்சாக்கேணிப் பாலமும் அவற்றோடு முடங்கியது.

எமது தண்டனைச் சட்டக் கோவையின் 298 ஆம் பிரிவு, கவனயீனமான செயலால் ஒருவருக்கு மரணம் விளைவிப்பதைக் குற்றமென்று கூறுகின்றது. அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆகவே சட்டத்தின் பார்வையில் இது வெறும் 'விதி' அன்று. ஆனால் அந்தப் பிரிவு படகின் சுக்கானைப் பிடித்தவரை இலகுவாகப் பற்றிக்கொள்கின்றது. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி ஒட்டாதவரை, உயிர்காப்பு அங்கி உண்டா என்று ஒரு நாளேனும் வந்து பார்க்காதவரை, பாலத்தை மூடும் கோவையில் கையொப்பமிட்டபோது மாணவர் போக்குவரத்தைப் பற்றிக் கேளாதவரை அது சென்றடைவது அரிது. பொறுப்பு பல மேசைகளில் துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டிருக்கும்போது எந்த மேசையில் இருப்பவரும் குற்றவாளியாவதில்லை. குற்றவியல் சட்டத்தின் இந்தப் பலவீனம் எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2022 ஒக்டோபரில் குஜராத்தின் மோர்பியில் தொங்கு பாலம் அறுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் முதலில் கைதானவர்களுள் நுழைவுச் சீட்டு விற்றோரும் காவலாளிகளும் இருந்தனர்.

பாலம் என்பது கிண்ணியா மக்களுக்கு ஒரு சாதாரணக் கட்டுமானம் அன்று என்பதையும் இங்கு கூற வேண்டும். திருகோணமலை நகருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக 'பாதை' என்று அழைக்கப்பட்ட மிதவையே மக்களைக் கடத்தியது. 2009 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது அது நாட்டின் மிக நீளமான பாலமெனப் பெருமையுடன் பேசப்பட்டது. பாதைக் காலம் ஒழிந்தது என்றே யாவரும் எண்ணினர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் அதே கிண்ணியாவின் ஒரு மூலையில் பிள்ளைகள் மீண்டும் மிதவையில் ஏற்றப்பட்டனர். பெரும் பாலங்களுக்குத் திறப்பு விழாக்கள் உண்டு. சிறு பாலங்கள் மூடப்படும்போது அறிவித்தற் பலகை மட்டுமே உண்டு.

இனி, வழக்கமான பொருளில் குற்றம் எனப்படுவதற்கு வருவோம். 2011 ஆகஸ்ட் மாதத்தை இப்பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 'கிறீஸ் பூதம்' என்ற அச்சம் மலையகத்தில் தொடங்கிக் கிழக்குக்கும் பின்னர் புத்தளம், யாழ்ப்பாணம் வரைக்கும் பரவிய மாதம் அது. உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வீடுகளுக்குள் நுழைந்து பெண்களைத் தாக்குவதாகச் செய்திகள் வந்தன. மஃரிபுக்குப் பின்னர் பெண்கள் வெளியே வரத் தயங்கினர். ஆண்கள் சந்திகளில் விழித்திருந்தனர். குடும்பத் தலைவர் மத்திய கிழக்கில் உழைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாய்மார் நிறைந்த ஊர்களில் அந்த அச்சம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கிண்ணியாவில் மக்களால் துரத்தப்பட்ட சந்தேக நபர்கள் கடற்படை முகாமுக்குள் ஓடி மறைந்தனர் என்று கூறப்பட்டதை அடுத்து முகாமின் முன்னால் கூட்டம் திரண்டது, மோதல் வெடித்தது, பலர் கைதாகினர். அரச தரப்பு இத்தகைய குற்றச்சாட்டுகளை மறுத்தது. யாவும் வதந்தி என்றது. அதே மாதத்தில் ஹப்புத்தளைப் பகுதியில் இருவர் மர்ம மனிதர்களெனச் சந்தேகிக்கப்பட்டு ஆத்திரமுற்ற கூட்டத்தால் கொல்லப்பட்டனர். புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஏராளமானோர் இரவோடிரவாகப் பிடிக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர்.

பூதம் உண்மையா வதந்தியா என்ற விவாதத்தில் அன்று பலரும் மூழ்கியிருந்தனர். இன்று திரும்பிப் பார்க்கையில் வேறொரு கேள்வியே முக்கியமாகத் தோன்றுகின்றது. நள்ளிரவில் தன் வீட்டுக் கூரையில் காலடிச் சத்தம் கேட்டதாகக் கூறும் ஒரு பெண்ணின் முறைப்பாட்டை யார் எழுதிக்கொண்டார்கள்? யார் வந்து பார்த்தார்கள்? வந்து பார்த்து, அது பூனை என்று நிரூபித்திருந்தாலும் போதுமே. அன்று பொலிஸ் திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. முகாமைப் பற்றிய முறைப்பாட்டை முகாமின் மேலதிகாரிகளுக்கும் மேலதிகாரியான அதே அமைச்சின் ஊழியரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. நம்பிக்கை வற்றிய இடத்தில் வதந்தி தழைத்தது. இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக ஆட்கடத்தலையும் காணாமற்போதலையும் சுற்றிவளைப்பையும் கண்ட கிழக்கு மாகாணத்துத் தமிழரும் முஸ்லிம்களும் இரவில் கேட்கும் காலடிச் சத்தத்தைப் பூனையென்று கருத வேண்டும் என்று எதிர்பார்த்தது ஆட்சியாளரின் அறியாமை. வேறு சொல் தெரியவில்லை.

2019 ஜனவரியில் கிண்ணியா கண்டல்காட்டில் நடந்தது மூன்றாவது உதாரணம். சட்டவிரோத மணல் அகழ்வைத் தடுக்கச் சென்ற கடற்படையினரைக் கண்டு மகாவலி ஆற்றில் குதித்த இளைஞர் இருவர் உயிரிழந்தனர். தொடர்ந்து எழுந்த கலவரத்தில் கடற்படையினரும் காயமுற்றனர். மணல் அகழ்வுக்கு உத்தரவுப்பத்திரம் வேண்டுமென்பது 1992 ஆம் ஆண்டின் சுரங்க, கனியப்பொருட்கள் சட்டத்தின் விதி. ஆற்றங்கரை இடிந்து வயல் போவதால் முதலில் பாதிக்கப்படுபவரும் அதே ஊரவரே. மணல் கொள்ளையைத் தடுக்க வேண்டும் என்பதிலும், அதற்காகக் கூலிக்கு மணல் அள்ளும் இளைஞன் சாகக்கூடாது என்பதிலும் ஊரில் இரு கருத்து இல்லை. லொறியின் சொந்தக்காரரைப் பிடிக்கும் விசாரணை பட்டினத்தில் நடக்க வேண்டியது. அது நடவாதபோது மண்வெட்டி பிடித்தவனைத் துரத்தும் வேட்டை ஆற்றங்கரையில் நடக்கின்றது.

இம்மூன்று சம்பவங்களையும் கொண்டு கிண்ணியா மக்கள் இலகுவில் கொதித்தெழுபவர்கள், சட்டத்தைக் கையில் எடுப்பவர்கள் என்று பேசுவோர் உளர். இது மேலோட்டமான பேச்சு. படகு, காலடிச் சத்தம், மணல் லொறி ஆகிய மூன்றிலும் ஆபத்தை ஊர் முன்கூட்டியே அறிந்திருந்தது. அறிந்ததை அதிகாரத்தில் உள்ள ஒருவரிடம் சொல்லி, அது எழுத்தில் பதிந்து, அதற்கொரு பதில் வரும் வழிதான் இருக்கவில்லை. ஒரு குடியிருப்பின் பாதுகாப்பை அளக்க வேண்டுமாயின் இந்த வழி திறந்திருக்கின்றதா என்றே பார்க்க வேண்டும். குற்றங்களின் தொகை அதைக் காட்டாது. சொல்லப்போனால் எதிர்மாறாகவே காட்டும். முறைப்பாட்டை ஏற்க மறுக்கும் பொலிஸ் நிலையத்தின் பதிவேட்டில் குற்றம் குறைவாகவே இருக்கும்.

இந்தியாவின் கேரள மாநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேசியக் குற்றப் பதிவுப் பணியகத்தின் அட்டவணைகளில் மக்கள்தொகை விகிதப்படி குற்றம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாகக் கேரளம் பல ஆண்டுகள் இடம்பெற்றது. கேரளத்தில் வாழ்வது ஏனைய மாநிலங்களை விட ஆபத்தானது என்று யாரும் நம்புவதில்லை. அங்கு மக்கள் முறையிடுகின்றனர், பொலிஸார் பதிகின்றனர் என்பதே அதற்கான முக்கிய விளக்கம். பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று அந்தப் பணியகமே எச்சரிக்கின்றது. கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் பற்றிய தகவலைப் பதிவது பொலிஸாரின் கட்டாயக் கடமை என்று 2013 நவம்பரில் இந்திய உயர் நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது.

எமது நாட்டில் அத்தகைய கடமை சட்டத்தில் எழுதப்பட்டே இருக்கின்றது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைக் கோவைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகக் கொடுக்கப்படும் தகவல் எந்த மொழியில் கொடுக்கப்படுகின்றதோ அந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும். கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். அவ்வாறு எழுத உத்தியோகத்தரால் இயலாவிடின் முறைப்பாட்டாளரையே தம் மொழியில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2011 இறுதியில் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் இருபத்து நான்கு மணிநேரமும் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் கையொப்பமிட்டு வீடு திரும்பிய அனுபவம் கிழக்கிலும் வடக்கிலும் எத்தனை பேருக்கு உண்டு என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

பதிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பொலிஸ் நிலையத்தில் பாரதூரமான குற்றங்களுக்கு ஒரு தகவற் புத்தகமும் சிறு குற்றங்களுக்கு மற்றொரு புத்தகமும் உண்டு. களவுபோன பொருளின் பெறுமதியை எவ்வளவென்று எழுதுவது, அடிபட்ட பெண்ணின் காயத்தை எவ்வகையில் சேர்ப்பது, தந்தை காணவில்லை என்று சொல்லும் பிள்ளையின் கூற்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பனவற்றையெல்லாம் மேசையில் இருப்பவரே தீர்மானிக்கின்றார். அந்தத் தீர்மானமே மாத இறுதியில் புள்ளிவிபரமாகின்றது.

கைதுகளின் தொகையைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் காட்டும் பழக்கமும் அண்மைக் காலத்தில் வலுத்தது. 2023 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்ட 'யுக்திய' நடவடிக்கையின்போது ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் பிடிபட்டனர் என்று காலைச் செய்தியில் கிரிக்கெட் ஓட்டத் தொகையைப் போல வாசிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள் அதனைக் கண்டித்தனர். ஐஸ் போதைப்பொருள் எமது கரையோர ஊர்களின் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருப்பது மெய். அதைத் தடுக்க வேண்டியதும் மெய். ஆயினும் பாவிப்பவனைப் பிடித்த தொகையைக் கொண்டு விற்பவன் அடங்கிவிட்டான் என்று கூற முடியுமா?

எம் பக்கத்துக் குறையையும் பேசாதிருப்பது நியாயமன்று. பிள்ளை போதைக்கு அடிமையானால் வெளியே தெரியாமல் மறைப்பதும், மனைவியை அடித்த கணவனைப் 'புத்தி சொல்லி' அனுப்பிவிடுவதும், களவெடுத்தவன் உறவினனாயின் பொருளைத் திருப்பிக் கொடுக்கச் செய்து முடித்துக்கொள்வதும் எமது ஊர்களின் வழக்கம். பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் தர்மகர்த்தா சபையோ பிணக்கைத் தீர்ப்பது தவறென்று கூறவில்லை. 1988 ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைகள் சட்டமே சிறு பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க வழி செய்கின்றது. எனினும் சிறுவருக்கு எதிரான குற்றமும் பெண்ணின் உடலில் பட்ட காயமும் பிணக்குகள் அல்ல. அவற்றை மானம் கருதி மூடும்போது, பொலிஸார் செய்யும் அதே வேலையை நாமும் செய்கின்றோம்: பதிவேட்டைச் சுத்தமாக வைத்திருக்கின்றோம். அதுபோல, படகு கவிழ்ந்த அன்று ஒருவரின் வீட்டைத் தாக்கியதால் மாற்று வழிக்குப் பொறுப்பான எந்த அதிகாரியின் பெயரும் வெளிவரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி டயர்ப் புகையில் மறைந்தது. மறுநாள் பேச்சு வன்முறையைப் பற்றியதாயிற்று.

கிராமங்களில் பொலிஸார் அமைத்த சிவில் பாதுகாப்புக் குழுக்கள் பெரும்பாலும் செல்வாக்குள்ளோரின் கூட்டங்களாகவே முடிந்தன என்பது பொதுவான அபிப்பிராயம். ஒரு பாடசாலை ஆசிரியை, மீனவர் சங்கத்தின் ஒருவர், முச்சக்கர வண்டி ஓட்டும் ஓர் இளைஞர் ஆகியோர் அமரும் குழுவில் பேசப்படும் விடயங்கள் வேறாக இருக்கும். படகில் கூட்டம் அதிகம், மின்கம்பத்தில் விளக்கில்லை, பாடசாலை மதிலோரம் யாரோ நிற்கிறார்கள் என்பவற்றை அவர்களே முதலில் காண்பர். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் பலியாகிப் பாடசாலைகளும் மூடப்பட்டபோது, எந்தக் காணியில் நீர் தேங்கியிருக்கின்றது என்பது அயலவருக்கு முன்பே தெரிந்திருந்தது அல்லவா?

குடிமகனின் கையில் ஒரு கருவி 2017 பெப்ரவரி முதல் இருக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் திணைக்களம், நகர சபை, பிரதேச சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை ஆகிய யாவும் பகிரங்க அதிகார சபைகளே. விண்ணப்பம் கிடைத்துப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா மறுப்பதா என்று அவை தீர்மானித்து அறிவிக்க வேண்டும். தமிழில் விண்ணப்பிக்கலாம். குறிஞ்சாக்கேணியின் பள்ளிவாசல் நிர்வாகமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ கடந்த ஐந்தாண்டுகளில் தமது பொலிஸ் நிலையத்தில் எத்தனை முறைப்பாடுகள் எழுதப்பட்டன, அவற்றுள் எத்தனை தமிழில் எழுதப்பட்டன, எத்தனை நீதிமன்றத்தை அடைந்தன என்று கேட்கலாம். பாலத்தை மூடும் தீர்மானத்தில் மாற்றுப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக யார் பெயர் எழுதப்பட்டிருந்தது, படகைப் பரிசோதித்த அறிக்கை ஏதும் உண்டா என்று வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் நகர சபையிடமும் தனித்தனியே கேட்கலாம். அத்தகைய அறிக்கை எதுவும் இல்லை என்று எழுத்தில் வரும் பதில்கூட அடுத்த வழக்கில் ஒரு சான்றாகும்.

கிழக்கின் களப்புகளிலும் ஆறுகளிலும் படகுப் பாதைகள் ஓடும் துறைகள் குறிஞ்சாக்கேணியோடு முடிந்துவிடவில்லை. மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குச் செல்வோர் நெடுங்காலமாகப் பாதையில்தான் ஏறி இறங்கினர். அத்தகைய ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய பலகை உண்டா, அதன் கீழ் ஓர் அதிகாரியின் பதவிப் பெயரும் தொலைபேசி இலக்கமும் உண்டா என்று பார்க்க எந்த ஆணைக்குழுவும் தேவையில்லை. பிரதேச செயலாளர் ஒருவர் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் போதும்.